கொடி நட்ட வரப்பும் பெர்லின் சுவரும்

மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு நான் பெர்லின் சுவரை நடத்திய கதையை எடுத்தால் எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் பாதிவரை சேர்ந்து சிரிப்பேன். மீதிப் பாதியை நான் வீட்டில் சரியாகச் சொன்னதில்லை, அதற்குள் யாராவது டிவியைப் போட்டுவிடுவார்கள்.

2005-ஆம் வருஷம். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சுனாமி வந்து முதல் வருஷம்கூட முடியவில்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, உப்பளத்துப் பக்கம் இருந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் அப்பா அம்மா உப்பு வாருகிறவர்கள். காலையில் பஸ் அளத்தை ஒட்டி வரும்போது கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களைப் பார்த்தபடியே கண் சொக்கும். பத்து நிமிஷத் தூக்கம், அதில் எனக்கு இருந்த சுகம் ஏசி பஸ்ஸில்கூட இல்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கோபக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன், அந்தப் பெயரும் பிடித்திருந்தது. கோபக்காரி என்று தெரிந்தால் பாதி சத்தம் தானாக அடங்கும்.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்த கதை அரசாங்கப் புத்தகத்தில் நாலு வரி. எனக்கு நாலு வரி போதாது. நான் காலேஜ் படிக்கும்போது அந்தச் சுவரை ஜனங்கள் சுத்தியலால் உடைக்கிற போட்டோ பேப்பரில் வந்தது. அதைப் பார்த்து ஹாஸ்டலில் என்னவோ நாங்களே உடைத்த மாதிரி குதித்தோம். அதனால் அந்தப் பாடம் வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. போர்டில் ஜெர்மனி வரைந்தேன், அது பூசணிக்காய் போல வந்தது. நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் கம்யூனிஸ்ட் அரசாங்கம், அந்தப் பக்கம் முதலாளிகள் நாடு, நடுவில் சுவர், முள்வேலி, துப்பாக்கி பிடித்த காவல்காரர்கள் என்று ஆரம்பித்தேன்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எதுவும் நான் எதிர்பார்த்ததாக இல்லை.

"கம்யூனிஸ்ட் பக்கம் எல்லாருக்கும் வேலை உண்டா டீச்சர்?"

"உண்டு."

"மழை பேஞ்சாலும்?"

உப்பளத்தில் மழை வந்தால் வேலை நின்றுவிடும். ஐப்பசி தொடங்கினால் மாசக்கணக்கில் வீட்டில் அரைவயிறு. அதை வைத்துத்தான் கேட்கிறான். "மழை பேஞ்சாலும் சம்பளம் உண்டு" என்றேன்.

"ஆஸ்பத்திரி?"

"காசு கிடையாது."

"வீட்டு வாடகை?"

"ரொம்பக் கம்மி. ஆனா கடையில ஒண்ணு வாங்கணும்னா வரிசையில நிக்கணும்."

"நாங்களுந்தான் டீச்சர் ரேஷன்ல நிக்கிறோம்."

இப்படியே போனது. கடைசியில் முன்பெஞ்சுப் பையன் ஒருத்தன் நிஜமாகவே புரியாமல் கேட்டான், "அப்பறம் இன்னாத்துக்கு டீச்சர் அங்கேந்து ஓடினாங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. மனசில் இருப்பதை வாய் விட்டுச் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுக்காரனே போய்ப் போட்டுக் கொடுப்பான், வெளியூர் போக அனுமதி வேண்டும், கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். சுரங்கம் தோண்டித் தப்பியவர்களைச் சொன்னேன். துணியைத் தைத்துப் பலூன் கட்டிப் பறந்த குடும்பத்தைச் சொன்னேன். குண்டடி பட்டுச் செத்தவர்களைச் சொன்னேன். வகுப்பு கப்சிப். ஆகா, பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கேட்டேன், "இப்பச் சொல்லுங்க, உயிரைப் பணயம் வெச்சு அந்தச் சுவரைத் தாண்டினாங்களே, அவங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவரின் மகள். நல்ல பெண், தெளிவாகப் பேசுவாள், மேடை ஏறினால் அப்பாவையே தோற்கடித்துவிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள்.

"அவங்க கருங்காலிங்க டீச்சர்."

வேலைநிறுத்தம் நடக்கும்போது ஊரோடு சேராமல் வேலைக்குப் போகிறவனைச் சொல்கிற வார்த்தை அது.

"எல்லாரும் சேந்து கஷ்டப்படறப்போ அவங்க மட்டும் தாண்டிப் போயிட்டா, இருக்கிறவங்க கதி என்னா ஆவறது?" என்றாள். "ஆமா டீச்சர்" என்றது வகுப்பு. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். "டேய், பெஞ்ச ஒடைக்காதீங்கடா" என்று நான் கத்தினேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். தட்டிக்கொண்டே அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்தே அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். தலையில் பேன் இருக்கும், அதனால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு சாரிடம் புலம்பினேன். அவர் உள்ளூர்க்காரர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"டீச்சர், உங்களுக்குக் கொடி விஷயம் தெரியாதா?"

தெரியாது. அவர்தான் சொன்னார். இங்கே ஸ்டிரைக் என்றால் ஊர்வலம், கோஷம் எல்லாம் அப்புறம். முதல் வேலையாக அளத்துக்குப் போகிற வரப்பின் தலைமாட்டில் மூங்கில் கழியில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. கொடி இருக்கிறவரை ஒருத்தர் அந்த வரப்பில் கால் வைக்க மாட்டார்கள். அப்படித்தான் குடிதண்ணீர்த் தொட்டி வாங்கினார்கள், கூலி ஏற்றி வாங்கினார்கள். அந்த வருஷம் வைகாசியில், உப்பு நன்றாக விளைகிற நேரத்தில், கொடி நட்டார்கள். ஊரே உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆள் மட்டும் விடியுமுன் கொடியைத் தாண்டிப் போய் உப்பு வாரினார். அவருடைய மகள்தான் கடைசி பெஞ்சு.

"ஏன் போனாராம்?"

"சம்சாரத்துக்கு வயித்துல கட்டி. பாண்டி ஆஸ்பத்திரில ஆபரேஷன். கூட இருந்து பாக்கறதுக்கும் போய் வர்றதுக்கும் கையில காசு ஒண்ணும் இல்ல, அளத்து முதலாளிகிட்ட போய் நின்னுட்டாரு. அவரப் பாத்து இன்னும் ரெண்டு பேர் போனாங்க. ஸ்டிரைக் புட்டுக்கிச்சு. அதுலேந்து அந்த வீட்டோட யாரும் பேச்சு வெச்சிக்கிறதில்ல."

"என்னங்க சார் அநியாயம் இது?"

"ரெண்டு வருஷம் முன்ன நம்ம வாத்தியாருங்க ஸ்டிரைக்கப்போ உள்ள போய் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டவங்கள நீங்க என்னான்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். நான் முறுக்கை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். ஆரோவில்லில் இருப்பவர், ஐம்பது வயசிருக்கும். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் மரம் நட வந்தவர்களில் ஒருவர். எங்கள் மைதானத்தின் ஓரமாகக் கன்று நட்டுக் கொடுத்து, அது உப்பு மண்ணில் கருகுகிறதா இல்லையா என்று வாராவாரம் மொபெட்டில் வந்து பார்ப்பார். தமிழ் சரளமாகப் பேசுவார். பக்கத்துக் கிராமம் இடையஞ்சாவடியிலிருந்து அவர் வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கற்றதால் யாராக இருந்தாலும் 'நீ'தான். ஒரு தடவை எங்கள் ஹெட்மாஸ்டரிடமே போய், "ஏம்பா, இந்த வேலிய யாரு புடுங்கினா, நீ பாக்கலியா?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் கைகட்டிக்கொண்டு பதில் சொன்னது எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு மாசத்துக்குச் சிரிக்கப் போதுமானதாக இருந்தது.

அவர் ஜெர்மனிக்காரர் என்பது எனக்குத் தெரியும். அதனால் உரிமையோடு போய், "உங்க ஊர்ப் பாடம் நடத்தி நான் மாட்டிக்கிட்டேன்" என்று நடந்ததைச் சொன்னேன். கருங்காலி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

"நான் அந்தப் பக்கத்துக்காரி டீச்சர். கம்யூனிஸ்ட் பக்கம். தாண்டி வந்துட்டேன். அப்ப நான் கருங்காலி."

அடி ஆத்தாடி என்று ஆகிவிட்டது எனக்கு. இத்தனை மாதம் இந்த மைதானத்தில் நின்றுகொண்டிருந்த ஒருத்தரை விட்டுவிட்டு நான் பூசணிக்காய் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து பேசுவீர்களா என்றேன். "உண்மைதான் பேசுவேன், பரவால்லியா?" என்றார். அதைத்தானே கேட்கிறேன் என்றேன்.

கடைசி பெஞ்சுப் பெண்ணும் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வியாழக்கிழமை மாலை அவள் வீட்டைத் தேடிப் போனேன். தெருவில் ஒரு அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வீடு எது என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு முறத்தோடு உள்ளே போய்விட்டார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடுதான் அது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த முறத்துக்கார அம்மாவின் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வந்த வேலை கெட்டுவிடும் என்று விட்டேன்.

உள்ளே அந்தப் பெண்ணின் அம்மா நைலான் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி வந்துகொண்டிருந்தது. அப்பா எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண் வரக்காப்பி கொண்டுவந்தாள். "பால் இல்ல டீச்சர், இங்க கடையில எங்களுக்குக் குடுக்கறதில்ல" என்றாள், சாதாரணமாக, இன்றைக்குக் கரண்ட் இல்லை என்பது போல. காப்பியில் வெல்லம் தூக்கலாக இருந்தது. நன்றாகவே இருந்தது.

"ஏண்டி ஸ்கூலுக்கு வரல?"

"வேலைக்குப் போறேன் டீச்சர். பாண்டில துணிக்கடை. தீபாவளிக்கு ஆள் எடுக்கிறாங்க."

"பத்தாவதுல பாதில நிறுத்தறவளா நீ? வரைபடத்துல என்னையே திருத்தினவ. பரீட்சைக்கு யாரு வருவா, உன் துணிக்கடை முதலாளியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதானே டீச்சர் கேட்டீங்க, தாண்டினவங்களப் பத்தி என்னா நெனைக்கிறீங்கன்னு. கிளாஸே சொல்லிடுச்சு. நான் இன்னும் எத்தினி நாளு அங்க உக்காந்துகிட்டு இருக்கிறது?"

நாளைக்கு ஒரே ஒரு நாள் வா, ஒருத்தர் பேச வருகிறார், கேட்டுவிட்டு அப்புறம் துணிக்கடைக்குப் போவதானால் போ என்றேன். மாட்டேன் என்றாள். கட்டிலிலிருந்து அம்மா சொன்னார், "போடி. டீச்சர் தெருவுக்குள்ள வந்து கேக்கறாங்க இல்ல." நான் கிளம்பும்போது அப்பா தெருமுனை வரைக்கும் கூட வந்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அதே கடைசி பெஞ்சு, அதே தனி இடம். வெள்ளைக்கார அம்மா நாற்காலியை விட்டுவிட்டு மேஜைமேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். தான் தாண்டி வந்தவள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பையன்களுக்கு வாயெல்லாம் பல்.

"சுரங்கமா, பலூனா?"

"ட்ரெயின்."

"துப்பாக்கில சுட்டாங்களா?"

"இல்ல. டிக்கெட் கேட்டாங்க."

வகுப்பே சிரித்தது. முதலாளிகள் பக்கம் இருந்த அத்தை செத்துப்போனதாகவும், சாவுக்குப் போய்வர அரசாங்கம் சில நாள் அனுமதி கொடுத்ததாகவும் சொன்னார். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கியது. "இங்கயும் அப்படித்தான்" என்றாள் சங்கத் தலைவரின் மகள். "கொடி நட்டிருந்தாலும் சாவு விழுந்தா யாரு வேணா போலாம், வரப்புல பாடையே தூக்கிட்டுப் போலாம். ஆனா திரும்பி வரணும் இல்ல?"

"வரணும். நான் வர்ல."

"ஏன்?"

"நல்லா யோசிச்சு முடிவு பண்ணேன்னு சொல்ல எனக்கு ஆசை. ஆனா இல்ல. ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன். திரும்பிப் போற ட்ரெயின் வந்துச்சு. எழுந்துக்கணும். எழுந்துக்கல. ட்ரெயின் போயிடுச்சு. அவ்ளோதான்."

"அப்பறம்?"

"என் தங்கச்சி டாக்டருக்குப் படிச்சிட்டிருந்தா. நான் வர்லன்னு தெரிஞ்சு அவள காலேஜ்லேந்து அனுப்பிட்டாங்க. ரொட்டி சுடற எடத்துல வேலைக்குப் போனா. அவ டாக்டர் ஆவல. என்னால."

"பாத்தீங்களா டீச்சர்" என்று சங்கத் தலைவரின் மகள் என் பக்கம் திரும்பினாள். தான் சொன்னது சரி என்கிற வெற்றி முகத்தில் இருந்தது. ஒரு பெண்ணை வீட்டிலிருந்து கெஞ்சி அழைத்துவந்து இதைக் கேட்கவா வைத்தேன் என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம். மேஜைமேல் இருந்தவரை நிறுத்தவும் முடியாது, உண்மைதான் பேசுவேன் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அவர் தொடர்ந்தார். சுவர் இடிந்த பிறகு தங்கச்சியைப் பார்க்கப் போனாராம். வருஷக்கணக்கில் பேச்சில்லை. வாசலில் நின்று மணி அடித்தாராம். கதவைத் திறந்த தங்கச்சி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செருப்பக் கழட்டு, இப்பதான் தரை தொடச்சேன்" என்றாளாம். பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

"உங்க தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

"இல்ல. கேக்கணும்னுதான் போனேன். வாய் வர்ல."

"கேளுங்க" என்றாள் அவள். "அவங்க படிப்பு போயிடுச்சு. நீங்க கேக்கணும்."

வகுப்பில் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை. வெள்ளைக்கார அம்மாவை விட்டுவிட்டு இரண்டாவது பெஞ்சைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கப்பா கேக்க மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன். எங்கம்மா செத்திருந்தா நீங்க எல்லாரும் வந்திருப்பீங்க. உங்கப்பாவே மாலை வாங்கிட்டு வந்திருப்பாரு. பொழைச்சிடுச்சு. அதான் எங்களோட பேச மாட்டேங்கறீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பையன்கள் யாரும் பெஞ்சைத் தட்டவில்லை. வெள்ளைக்கார அம்மா மேஜையிலிருந்து மெல்ல இறங்கி ஜன்னல் பக்கம் போனார். பீரியட் முடிய இன்னும் நேரம் இருந்தது. "புத்தகத்தை எடுங்க" என்றேன், வேறு என்ன செய்வது. போர்டைத் துடைக்கத் திரும்பினேன்.

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம். திரும்பிப் பார்த்தால் சங்கத் தலைவரின் மகள் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தாள். முகம் கடுகடு என்றிருந்தது. சமாதானமாகப் போனவள் முகம் மாதிரி இல்லை, சண்டைக்குப் போனவள் முகம் மாதிரிதான் இருந்தது. "தள்ளிக்க" என்றாள். மற்றவள் உடனே தள்ளிக்கொள்ளவில்லை. நான் துடைத்த போர்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளினாள்.

"எங்கப்பா பண்ண ஸ்டிரைக்கு சரிதான்" என்றாள் இவள்.

"நான் தப்புன்னு சொல்லல" என்றாள் அவள்.

இருவரும் புத்தகத்தைப் பிரித்தார்கள். பிறகு தலைவரின் மகள், குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "உங்கம்மாவுக்கு இப்ப எப்டி இருக்குது?" என்றாள்.

நான் திரும்பினேன். வகுப்பு முழுக்க அத்தனை பேச்சு பேசி நின்ற பெண் இப்போது டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அந்த ஊரில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.